கட்டு நேர்த்தி, இறந்தவர் ஏழு

1

இந்தக் கதை ஒரு குற்ற உணர்ச்சியில் பிறந்தது. என்ன குற்றம் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் இது என்னைப் பற்றிய கதையாகிவிடும். இது ஒரு தலைமைச் செவிலியரின் கதை.

ஒரு மருத்துவமனையில் தீப்பிடித்தது. மூன்றாம் மாடி வார்டில் இருபத்தேழு நோயாளிகள். அவர்களைக் கீழே இறக்கும் பொறுப்பு அவருடையது. முப்பத்து மூன்று நிமிடம் அவர் மாடிப்படி வாசலில் நின்றார். இரண்டு கைகளும் சட்டைப்பைக்குள் இருந்தன. ஒரு நோயாளியைக்கூட அவர் தொடவில்லை.

நான் அந்த வார்டில் இருபத்திரண்டாம் படுக்கை. இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து பத்தாவது நாள். நடக்க முடியாது.

இவ்வளவுதான் விஷயம். இதை எழுத உட்கார்ந்து எட்டு மாதம் ஆகிறது.

2

முதல் தொடக்கம்:

[புகையைக் கிழித்துக்கொண்டு அவர் ஓடி வந்தார். தோளில் ஒரு நோயாளி, கண்களில்—]

அவர் ஓடவில்லை. தோளில் யாரும் இல்லை. கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

[அவர் நின்றார்.]

இது உண்மை. ஆனால் அடுத்த வாக்கியம் வரவில்லை. அவர் நின்றார். தொடர்ந்து நின்றார். இன்னும் நின்றுகொண்டிருந்தார். இப்படி ஒரு கதாநாயகியை வைத்துக்கொண்டு எழுதுகிறவன் என்ன செய்வது? வாக்கியங்களை வெட்டுவது எனக்குக் கைவந்த தொழில். இங்கே வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

மூன்றாவதாக ஒன்று எழுதினேன். பதினோரு பக்கம். அதில் அவர் நிற்கிறார், ஆனால் ஐந்தாம் பக்கத்தில் ஒரு கை பையிலிருந்து வெளியே வந்து ஒரு கிழவரைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தக் கையை நான் எடுக்கவில்லை. அதுவாக வந்தது. மனிதர் விழப்போகிறார், பக்கத்தில் ஒரு செவிலியர் நிற்கிறார், வேறென்ன நடக்கும்?

அந்தப் பிரதியை அவருக்கே அனுப்பினேன். நான்கு நாளில் திரும்பி வந்தது. ஓரமெல்லாம் சிவப்பு மை.

'சுமார் பத்தே முக்கால் மணி' என்று நான் எழுதியிருந்த இடத்தில்: "10.43. சுமார் வேண்டாம்."

கிழவரைத் தாங்கிய இடத்தில்: "நான் பிடிக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஆள் போட்டிருந்தேன்."

கடைசிப் பக்கத்தில்: "ஒத்திகையை ஏன் விட்டுவிட்டீர்கள்? வெட்கப்பட்டு விட்டீர்களா? வெட்கப்பட வேண்டியது நான்."*

* அவர் வார்டில் அதிகம் பேசாதவர். ஓரக்குறிப்பில் பேசுகிறார். ஊழியர்கள் அவரை சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

3

ஆகவே ஒத்திகை.

தீக்கு நான்கு மாதம் முன்பு மருத்துவமனையில் பேரிடர் ஒத்திகை நடந்தது. பேருந்து கவிழ்ந்து முப்பது பேர் வருகிறார்கள் என்பது கற்பனை. கல்லூரி மாணவர்கள் காயம்பட்டவர்களாக நடித்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு அட்டை. அதில் காயமும் நிலைமையும் எழுதியிருக்கும். நேரத்தில் கவனிக்காவிட்டால் மேற்பார்வையாளர் அட்டையை 'இறந்தவர்' என்று மாற்றிவிடுவார்.

வாசலில் நின்று யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது சிஸ்டரின் வேலை. இரண்டாவதாக வந்த பெண்ணின் அட்டையில் 'தொடையில் ரத்தக்கசிவு' என்று இருந்தது. சிஸ்டர் உட்கார்ந்துவிட்டார். அழுத்திப் பிடித்து, பஞ்சு வைத்து, சுற்றிக் கட்டினார். இருபத்திரண்டு வருடக் கை. பதினொரு நிமிடம் ஆனது. நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. அட்டைகள் மாறியிருந்தன.

அறிக்கையில் மேற்பார்வையாளர் எழுதியது இரண்டே வரி. "கட்டு மிக நேர்த்தி. இறந்தவர் ஏழு."

இறந்த ஏழு பேரும் கான்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் அந்தப் பக்கம் போனபோது அவர்களில் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சிஸ்டர், நான் உங்களையேதான் பாத்துட்டிருந்தேன். ஆறு நிமிஷம். கூப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. எனக்கு அட்டையில மயக்கம்."

"பேரு என்னம்மா?"

"அட்டையில பேரு போடல சிஸ்டர்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிஸ்டர் டீ வாங்காமல் திரும்பிவிட்டார்.

4

[இந்தப் பகுதியை நீக்கிவிட்டேன். இதில் நான் தைரியசாலியாக இருந்தேன்.]

5

மறுநாள் சிஸ்டர் தன் சீருடைகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு தையற்கடைக்குப் போனார். முன்பக்கம் இரண்டு பைகள் வேண்டும், மணிக்கட்டு வரை உள்ளே போக வேண்டும் என்றார்.

தையற்காரர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார். "இவ்ளோ ஆழமா? பூனை வளக்கப் போறீங்களா மேடம்?"

"கை வைக்கறதுக்கு."

"கையா?"

"சும்மா இருக்க மாட்டேங்குது."

புதுச் சீருடையில் வந்த முதல் நாளே வார்டில் பெயர் வைத்துவிட்டார்கள். கங்காரு. அதை முதலில் சொன்னவர் மூத்த செவிலியர். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் அவருக்கு ஏற்கனவே கண்ணாடி என்று பெயர். இரண்டு மாதம் முன்பு சேர்ந்த செவிலியருக்குப் பெயர் புதுசு. பெயர் வைப்பதில் அந்த வார்டு யாரையும் விட்டுவைக்கவில்லை.

காலை எட்டு மணிக்குக் கூட்டம். சிஸ்டர் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு நிற்பார். படுக்கை எண்களுக்கு எதிரே கண்ணாடி வண்ணப் புள்ளி வைப்பார். தானாக நடப்பவருக்குப் பச்சை. நாற்காலியில் வைத்துத் தூக்க வேண்டியவருக்கு மஞ்சள். போர்வையோடு நாலு பேர் தூக்க வேண்டியவருக்குச் சிவப்பு. பிறகு சிஸ்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை சொல்வார். சொல்லிவிட்டுக் கேட்பார்: "என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு."

புதுசு ஒருநாள் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. "ஸ்கூல்ல வாய்ப்பாடு ஒப்பிச்ச மாதிரி இருக்கு."

"தெனமும் எட்டு மணிக்கு ஊரே எரியப்போற மாதிரி ஒரு லிஸ்ட்டு," என்றார் கண்ணாடி. "சிஸ்டர் முதலாளி ஆயிட்டாங்க. கைய வெளிய எடுக்கவே மாட்டேங்கறாங்க."

அது பொய். எடுத்தார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அந்தக் கைகள் பாதி வெளியே வந்து, ஏதோ நினைத்துக்கொண்டு உள்ளே போகும். நான் படுக்கையில் கிடந்து எண்ணியிருக்கிறேன்.

பதினான்காம் படுக்கையில் இருந்தவர் சிஸ்டரின் சொந்த அக்கா. நுரையீரல் நோய். மூக்கில் ஆக்சிஜன் குழாய். மூச்சு வாங்கினாலும் வாய் ஓயாது.

"என் தங்கச்சிய பாருங்க," என்று எதிர்ப்படுக்கைக்காரரிடம் சொல்வார். "நாலு வயசுல என் சட்டைக்கு பொத்தான் தைக்கறேன்னு உக்காந்தவ. யாரையும் எதையும் செய்ய விட மாட்டா. இப்ப கைய கட்டிப்போட்டு வச்சிருக்கா. எத்தன நாளைக்குன்னு பாக்கறேன்."

6

10.43. மணி அடித்தது.

தரைத்தளத்தில் துணி வெளுக்கும் அறையில் உலர்த்தும் இயந்திரம் தீப்பிடித்துக்கொண்டது. புகை லிஃப்ட் கூண்டு வழியாக மேலே ஏறியது. லிஃப்டை ஒட்டிய படி போயிற்று. கோடியில் இருந்த இன்னொரு படிதான் மிச்சம். குறுகலானது. மூன்றாம் மாடியில் எங்கள் வார்டு மட்டுமே.

நான் அனுப்பிய பிரதியில் சிஸ்டர் இப்படிக் கத்துகிறார்: [முடியாதவர்களை முதலில் தூக்குங்கள்—]

சிவப்பு மை: "தப்பு. நான் கத்தவும் இல்லை. நடக்கிறவர்கள்தான் முதலில். போர்வையில் ஒருவரை இறக்கித் தூக்குகிறவர்கள் மேலே வர ஒன்பது நிமிடம். அதுவரை படி அடைபடும். அதே ஒன்பது நிமிடத்தில் பச்சை எல்லாரும் இறங்கிவிடுவார்கள்."

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மிகவும் முடியாதவனைக் கடைசியாக விடுவதா? மேசையை விட்டு எழுந்து நடந்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அவர் சொன்னதுதான் சரியாக வந்தது.

சிஸ்டர் கோடிப்படியின் வாசலுக்கு நடந்துபோய் நின்றார். கைகளைப் பைக்குள் விட்டார். அங்கிருந்து ஒரு பக்கம் வார்டு முழுவதும் தெரியும். இன்னொரு பக்கம் படி தெரியும். எதிரே நேராக லிஃப்ட்.

"புதுசு. பச்சை உன்னோடது. முன்னாடி இருக்கறவங்க தோள்மேல கை போடச் சொல்லு. கீழ வண்டி நிறுத்தற எடத்துல மரத்தடி. யாரும் நகரக் கூடாது. என்ன சொன்னேன்?"

"பச்சை. தோள்மேல கை. மரத்தடி. நகரக் கூடாது."

"கண்ணாடி. மஞ்சள். பாக்க வந்த சொந்தக்காரங்க இருக்காங்க. நாற்காலிக்கு ரெண்டு பேர் போடு. திருப்பிச் சொல்லு."

சொன்னார். நான்கு மாதம் கேலி செய்தவர், ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

சிவப்பு நான்கு பேர். தூக்குவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் நாலே பேர்: உதவியாளர்கள் இருவர், காவலாளி, ஆண் செவிலியர் ஒருவர். ஆகவே ஒருவர் பின் ஒருவராகத்தான். பட்டியல் சிஸ்டரின் மனதில் இருந்தது. "மூணு. எட்டு. இருபத்திரண்டு. பதினாலு."

கண்ணாடி போகத் திரும்பியவர் நின்றார். குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர். அக்காவ மொதல்ல எடுத்துடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நான் சொல்வேன்," என்றார் சிஸ்டர். "அவ சிலிண்டர் நெறஞ்சிருக்கு. நாலு பேர்ல சுத்தமான காத்து கைவசம் இருக்கறது அவளுக்குத்தான். கடைசி."

7

இங்கே கதை நின்றுவிட்டது. இரண்டு மாதம் நின்றது. காரணம் சொல்கிறேன்.

வார்டைத் துடைக்கிற அம்மா ஒருவர் உண்டு. அவர் வருவதற்கு முன்பே அவர் வாளியின் வாசனை வந்துவிடும் என்பதால் பினாயில் அம்மா என்று பெயர். பட்டியலைச் சொன்னபோது அவர் துடைப்பத்தோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"இருபத்திரண்டா? அவருக்கு எதுக்கு நாலு பேரு? அவரு நடப்பாரே."

சிஸ்டர் திரும்பினார்.

"ஆமா சிஸ்டர். மத்தியானம் எல்லாரும் தூங்குனதும் எந்திரிச்சு ஜன்னல் வரைக்கும் போவாரு. வேடிக்க பாப்பாரு. டாக்டர் சத்தம் கேட்டா ஓடிவந்து படுத்துக்குவாரு. நான் தொடச்ச ஈரத்துல கால் தடம் இருக்கும்ல."

முதல் பகுதியில் 'நடக்க முடியாது' என்று எழுதினேன். பொய். ஆறாம் நாளிலிருந்து நடந்துகொண்டிருந்தேன். வலி இருந்தது, ஆனால் நடந்தேன். அதை மறைத்ததற்குப் பெரிய காரணம் ஏதும் இல்லை. வீட்டில் யாரும் கிடையாது. வார்டில் இருபத்தாறு பேர் இருந்தார்கள்.

என் படுக்கைக்கு எதிரே சிவப்புப் புள்ளி. எனக்கென்று நாலு பேர், ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடம் அக்காவுடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுந்திருப்பேனா? நீக்கிய நான்காம் பகுதியில் எழுந்தேன்.

சிஸ்டர் என் நோய்க்குறிப்பைக் கேட்கவில்லை. மருத்துவரைத் தேடவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம்தான் யோசித்தார்.

"அவரை நடக்க வச்சுக் கீழ கூட்டிட்டுப் போறது உங்க பொறுப்பு. பச்சையில கடைசி ஆள். நீங்க அவருக்குப் பின்னாடி. என்ன சொன்னேன்?"

பினாயில் அம்மாவை அதுவரை யாரும் எதையும் திருப்பிச் சொல்லச் சொன்னதில்லை. வாளியைக் கீழே வைத்தார். "இருபத்திரண்டு. நடத்திக் கூட்டிட்டுப் போறேன். எம் பொறுப்பு."

என் படுக்கையருகே வந்து போர்வையை உருவினார்.

"ஐயா, எந்திரிங்க."

"எனக்கு இடுப்பு—"

"மத்தியானம் இருக்கற அதே இடுப்புதான். நடங்க."

நடந்தேன். வாசலைக் கடக்கும்போது சிஸ்டரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"பதினேழு," என்று எண்ணிக்கொண்டார்.*

* இந்தப் பகுதிக்கு அவர் எழுதிய ஓரக்குறிப்பு: "இதில் என் தப்பும் இருக்கிறது. யார் நடக்கிறார்கள் என்று தெரிந்த ஒரே ஆளைக் காலைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் இருந்தேன். அதையும் எழுதுங்கள்." எழுதிவிட்டேன். இப்போது அந்த அம்மாதான் முதலில் பேசுகிறாராம்.

8

10.50. பச்சை முடிந்தது. 10.58. மஞ்சள் முடிந்தது. மூன்றாம் படுக்கை கிளம்பியது. 11.07. எட்டாம் படுக்கை கிளம்பியது.

இனி ஒன்பது நிமிடம் அந்த மாடியில் இரண்டே பேர். படுக்கையில் அக்கா. வாசலில் தங்கை. நடுவே இருபது அடி.

நான் அப்போது மரத்தடியில் இருந்தேன். மேலே நடந்ததை அக்காதான் பிற்பாடு சொன்னார்.

"ஏய்," என்று கூப்பிட்டிருக்கிறார். "எல்லாரும் போயாச்சு. இங்க வா."

"வருவாங்கக்கா."

"அவங்க வரட்டும். நீ வா. கையப் புடிச்சுக்கோ. பயமா இருக்குடி."

என் பிரதியில் இந்த இடத்தில் அவர் போகிறார். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் போனார்.

[அவர் ஓடிச்சென்று அக்காவின் கையை—]

[ஒரே ஒரு நொடி மட்டும்—]

[கை தானாக—]

சிவப்பு மை: "அந்த ஒன்பது நிமிடத்தில் மூன்று பேர் மேலே வந்தார்கள். ஒருவர் போனுக்கு. ஒருவர் செருப்புக்கு. ஒருவர் எக்ஸ்ரே படத்துக்கு. நான் வாசலில் இல்லையென்றால் எக்ஸ்ரேக்காரர் உள்ளே போயிருப்பார். அவரைத் தேட இன்னொருவர் போயிருப்பார். அக்காவைத் தூக்க வருகிறவர்கள் வழியில் மாட்டியிருப்பார்கள். புகை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கவும் வேறு ஆள் இல்லை."

பக்கத்தில் சின்ன எழுத்தில்: "கை பைக்குள்தான் இருந்தது. தையல் பிரிந்துவிட்டது."

அக்கா திட்டியிருக்கிறார். சின்ன வயதுக் கணக்கிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார். கல்நெஞ்சுக்காரி என்றிருக்கிறார். தங்கை அரை நிமிடத்துக்கு ஒரு தடவை, "பேசிட்டே இரு, நிறுத்தாத" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு அப்பறம்தான் புரிஞ்சுது," என்றார் அக்கா. "நான் திட்டற வரைக்கும் எனக்கு மூச்சு இருக்குன்னு அவளுக்குத் தெரியும். அதான் திட்ட விட்டா."

11.16. நாலு பேரும் வந்தார்கள். போர்வையின் நாலு மூலையையும் பிடித்தார்கள்.

"நாலு பேர் தூக்கிட்டுப் போற வயசாடா எனக்கு?" என்றார் அக்கா.

"சிரிக்க வைக்காதீங்கம்மா, கை நழுவும்," என்றார் காவலாளி.

சிஸ்டர் வார்டை ஒரு தடவை பார்த்தார். இருபத்தேழு காலிப் படுக்கைகள். கதவைச் சாத்திவிட்டு அவர்களுக்குப் பின்னால் இறங்கினார். தூக்கவில்லை. படிகளை எண்ணிச் சொன்னார்.

11.20க்கு எங்கள் வார்டுக்குள் புகை புகுந்ததை வராந்தா கேமரா காட்டியது. என்னைத் தூக்கியிருந்தால் அக்கா 11.25க்குத்தான் கிளம்பியிருப்பார்.

அப்படியானால் அக்காவைக் காப்பாற்றியது என் கால்கள் என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்விக்குறி வந்தது. அடித்துவிட்டேன்.

9

மரத்தடி. 11.24. தீயணைப்பு அதிகாரி கேட்டார்: "எத்தன பேரு?"

"இருபத்தேழு. எல்லாரும் இருக்காங்க."

கண்ணாடி பக்கத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "எங்க கங்காரு."

அதைக் கேட்டு முதலில் கை தட்டியது பினாயில் அம்மா. பிறகு நாற்காலிகளில் இருந்தவர்கள். பிறகு பச்சை வரிசை முழுவதும். தோள்களிலிருந்து கையை எடுக்கலாம் என்று யாரும் சொல்லாததால், பலர் ஒரு கையால் முன்னால் இருந்தவர் முதுகில் தட்டினார்கள்.

இரண்டாம் மாடிப் படியில் என் முழங்கால் சிராய்ந்திருந்தது. அன்றைக்கு ஏற்பட்ட ஒரே காயம். புதுசு கட்டுப் போட்டாள். கட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. சிஸ்டர் வந்து குனிந்து பார்த்தார். பைக்குள் விரல்கள் அசைவது துணிக்கு வெளியே தெரிந்தது. அவிழ்த்துக் கட்ட அவருக்கு அரை நிமிடம் போதும்.

"ரத்தம் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு சிஸ்டர்."

"அப்ப சரி," என்று நகர்ந்துவிட்டார்.

ஒத்திகைக்கு வந்த அதே மேற்பார்வையாளர் மறுநாள் வந்தார். அதே படிவம். இந்தத் தடவையும் இரண்டே வரி. கண்ணாடி அதைப் படியெடுத்து வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார். நானே பார்த்தேன்.

"கட்டு கோணல். இறந்தவர் இல்லை."

10

இங்கே முடித்திருக்கலாம். வெட்டத் தெரிந்தவன் இங்கே முடித்திருப்பான்.

ஆனால் மரத்தடியில் இன்னொன்று நடந்தது. அக்காவின் போர்வை எனக்கு இரண்டு கை தூரத்தில் இருந்தது. எண்ணிக்கை முடிந்து, அதிகாரி போன பிறகு, சிஸ்டர் அக்காவின் அருகே வந்து நின்றார். அக்கா குழாயைச் சரிசெய்துகொண்டு, கையை நீட்டினார்.

"இப்பவாவது வெளிய எடுடி."

இதற்கு மூன்று முடிவு எழுதினேன்.

(அ) எடுத்தார். இருவரும் அழுதார்கள்.

(ஆ) எடுக்கவில்லை. இருவரும் சிரித்தார்கள்.

(இ) எடுத்தார், ஆனால் நாடி பிடித்துப் பார்க்க. அக்கா மறுபடியும் திட்டினார்.

மூன்றையும் அனுப்பினேன். மூன்றும் அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தன. கீழே ஒரு வரி: "என் வேலை 11.24க்கு முடிந்தது. அதற்குப் பிறகு நடந்தது உங்கள் கதையில் இல்லை."

நான் பார்த்தேன். இரண்டு கை தூரம்தானே. ஆனால் சொல்லப்போவதில்லை. எட்டு மாதமாக எல்லாவற்றையும் நானே செய்துகொண்டிருக்கிறேன். இந்தக் கடைசி வேலையை உங்களிடம் விடுகிறேன். 11.24 தாண்டிவிட்டது. மரத்தடி. இருபத்தேழு பேரும் இருக்கிறார்கள். அக்காவின் கை நீண்டிருக்கிறது. சிஸ்டரின் வலது பை ஓரத்தில் தையல் பிரிந்திருக்கிறது. மிச்சம் உங்கள் பொறுப்பு.

பேனாவை மூடிவிட்டு என் கைகளைப் பைக்குள் விட்டுக்கொள்கிறேன்.

என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்கள்.